சிரிக்கிற பன்றித்தலை

பன்றித்தலை சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று யொன்-ஹீ போனில் சொன்னபோது, நான் மொன்றியல் சம்பிளேன் பாலத்தில் வாகன நெரிசலுக்குள் நின்றிருந்தேன். கீழே ஆறு. போனைத் தூக்கி ஆற்றுக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்துக்கொண்டு படுக்கலாமா என்று யோசித்தேன். நான்கு வருடமாக இந்த யோசனை எனக்குக் கிழமைக்கு இரண்டு தடவையாவது வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் படப்பிடிப்புகளுக்கு நிர்வாக வேலை பார்க்கிறவன். இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, ஆட்களைக் கூட்டுவது, அவர்களுக்குச் சாப்பாடும் கழிப்பறையும் ஒழுங்கு செய்வது எல்லாம் என் பொறுப்பு. எந்தக் கரைச்சல் வந்தாலும் அது என் கரைச்சல். குக் யொன்-ஹீ கொரியாக்காரப் பெண்மணி, ஐம்பத்தேழு வயது, திரைக்கதை எழுதுகிறவர், இயக்குநர். அவர் என் தலைவிதி.

கொரியாவில் படப்பிடிப்புத் தொடங்குமுன் ஒரு பூசை செய்வார்களாம். கோசா என்று பெயர். ஒரு மேசையில் அரிசிப் பலகாரம், பழம், நூல் சுற்றிய காய்ந்த மீன், அரிசி மது எல்லாம் வைத்து, நடுவில் ஒரு முழுப் பன்றித்தலையை வைப்பார்கள். வேலை செய்கிற எல்லோரும் வரிசையாக வந்து அதன்முன் விழுந்து கும்பிட வேண்டும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் படம் முடிய வேண்டும் என்பது வேண்டுதல். அந்தத் தலை முழுசாக, வாயோரம் மேலே வளைந்து சிரித்தபடி இருக்க வேண்டும். சோகமான பன்றி சரிவராது. சிரிக்கிற பன்றி வேண்டுமென்றால் அதைக் கொல்லும்போது யாராவது பகிடி விட்டிருக்க வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய கதை சினிமாக்காரர் வட்டத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். கொரியாவில், சோல் நகரில், இருபத்துநான்கு வயதில் திரைக்கதை எழுதத் தொடங்கி, மற்றவர்களுக்காகப் பதினொரு கதைகள் எழுதிக் கொடுத்தார். அதில் ஆறு படத்தில் அவர் பெயரே இல்லை. முப்பத்தெட்டாவது வயதில் தானே ஒரு படம் இயக்கினார். ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பற்றிய படம். அங்கே சனம் வரிசையில் நின்று பார்த்ததாம். இரண்டாவது படம் நான்காம் நாளில் நின்றுபோயிற்று. ஏன் என்று எவர் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நான் நிறுத்தினேன்." அதற்குப் பிறகு அங்கே யாரும் அவரை வைத்துப் படம் எடுக்கவில்லை. மொன்றியலுக்குத் தங்கையிடம் வந்து, டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் ஒன்பது வருடம் மீன் வெட்டினார். அந்த ஒன்பது வருடத்திலும் ஒரே ஒரு திரைக்கதை எழுதினார். பிழை திருத்துவது என்பது அவரிடம் கிடையாது. ஒரு வரி பிடிக்காவிட்டால் முழுவதையும் மூலையில் போட்டுவிட்டு முதலாம் பக்கத்திலிருந்து திரும்ப எழுதுவார். அப்படிப் பதினான்கு தடவை எழுதியிருக்கிறார். பதினான்கையும் வாசித்த ஒரே மனிதப்பிறவி நான்.

கடைசியில் அரசாங்க உதவிநிதி கிடைத்தது. நிபந்தனை ஒன்று: நவம்பர் முதல் வெள்ளிக்கிழமைக்குள் முதல் ஷாட் எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிதி போய்விடும். ஐம்பத்தேழு வயதில், பாதியில் நின்ற ஒரு படத்தோடு இருக்கிற இயக்குநருக்கு இன்னொரு தடவை யாரும் கொடுக்க மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இது தெரிந்த மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இவர் முப்பத்துநான்கு வீடு பார்த்தார். முப்பத்துநான்கையும் வேண்டாம் என்றார். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய் முதலில் அண்ணாந்து முகட்டைப் பார்ப்பார், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். போதாக்குறைக்கு, ஒரு விளக்கும் தலைக்கு மேலே தொங்கக் கூடாது, எல்லாம் நிலத்தில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம். விளக்கு வேலை பார்க்கிற டெனிஸ்டன் என்னிடம் வந்து, "அண்ணை, இவவுக்கு என்ன விசரோ?" என்று கேட்டான். கலைஞர்களுக்கு அப்படித்தான் என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்வது?

முப்பத்தைந்தாவது வீடு ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கும் என் அக்கா ஜெகதீஸ்வரியின் வீடு. இடம் பார்க்கப் போகவில்லை, தேத்தண்ணி குடிக்கப் போனோம். யொன்-ஹீ குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பதிவான முகடு, கையை நீட்டினால் தொடலாம். "இந்தக் குசினி" என்றார். அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும்.

அக்கா மறுக்கவில்லை. உள்ளூர அவவுக்குப் பெருமை, கோயிலில் சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டா. ஆனால் நாங்கள் படம் தொடங்க வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை கந்தசஷ்டியின் ஆறாம் நாள். ஆறு நாளும் அவ பாலும் பழமும்தான். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தா: மச்சம் மாமிசம் எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நான் ஓம் என்றேன். அடுத்த நாள் யொன்-ஹீ, பூசை படமெடுக்கிற வீட்டிலேயே நடக்க வேண்டும் என்றார். அதற்கும் ஓம் என்றேன். அக்காவிடம் பன்றியைப் பற்றி மூச்சு விடவில்லை. யொன்-ஹீயிடம் விரதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆளுக்கு ஆள் ஓம் போட்டு நாளைக் கடத்துவதில் நான் கெட்டிக்காரன். அக்கா காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவா, பின்னேரம் சூரன்போர் முடிந்துதான் வருவா. அதற்குள் கார் விடுகிற கராஜில் பூசையை முடித்து, கழுவித் துடைத்து, சாம்பிராணியும் காட்டிவிடலாம். கராஜ் வீடா என்ன?

வெள்ளி காலை கிழக்குப் பக்கத்தில் ஒரு இறைச்சிக்கடைக்குப் போனேன். முதல் நாளே போனில் ஒரு பன்றித்தலை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அக்காவுக்கு விட்டுக்கொடுக்காமல் நானும் அந்த ஆறு நாளும் மச்சம் தொடாமல் இருந்ததால், கடைக்குள் போனதும் பார்வையை அங்கே இங்கே விடாமல் சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒரு மட்டைப் பெட்டியைத் தந்தார். திறந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். "நொன், மெர்சி" என்று சொல்லி, பெட்டியைக் காரின் பின்பக்கத்தில் வைத்து, மேலே ஒரு போர்வையையும் போட்டு மூடிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு "வேண்டாம்"தான் நான் செய்த வினை.

கராஜில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, பலகாரம், ஆப்பிள், மெழுகுதிரி, வெள்ளைப் பட்டுநூல் கற்றை சுற்றிய காய்ந்த மீன். பன்னிரண்டு பேர் கும்பிட ஆயத்தமாகச் சுவரோரம் நின்றார்கள். கமராக்காரி எலிசா பக்தியோடு தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தாள். யொன்-ஹீ பெட்டியைத் திறந்தார்.

தலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. உச்சியிலிருந்து மூக்கு வரை நேர்கோடாக ஒரே வெட்டு. ஒரு பக்கத்தில் ஒரு கண்ணும் அரைச் சிரிப்பும், மற்றப் பக்கத்தில் மற்றக் கண்ணும் மற்ற அரைச் சிரிப்பும்.

எலிசாதான் விளக்கினாள். இங்குள்ள கிழடுகள் பன்றித்தலையை அவித்து ஒருவிதக் கட்டி செய்து பாண் ரொட்டியில் பூசிச் சாப்பிடுவார்களாம். அதற்குத் தலையைப் பிளந்துதான் கொடுப்பார்களாம். முழுசாக வேண்டும் என்று சொல்லவில்லையா என்று என்னைக் கேட்டாள். கடைக்குப் போன் எடுத்தேன். இனித் திங்கட்கிழமைதான் என்றார்கள். வேறு நான்கு கடைக்கு எடுத்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

டேப் போட்டு ஒட்டுவோம் என்றேன். இறப்பர் வளையம் போடுவோம் என்றேன். ஆப்பிளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வைப்போம் என்றும் சொன்னேன். யொன்-ஹீ ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, முழுத் தலை இல்லாமல் கமராவைத் தொட மாட்டேன் என்றார். நேரம் பன்னிரண்டாகிவிட்டது. நவம்பரில் நாலு மணிக்குப் பிறகு இந்த ஊரில் வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். ஒன்பது வருடம் மீன் வெட்டி, பதினான்கு தடவை எழுதி, கடைசியில் ஒரு செத்த பன்றி சிரிக்கவில்லை என்று எல்லாவற்றையும் குப்பையில் போடப் போகிறீர்களா, படித்த மனிதர் இப்படிச் செய்வாரா என்று கேட்டேன். வாய் நிற்கவில்லை.

அவர் நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

இரண்டாவது படத்தில் கோசா செய்யவில்லையாம். அப்போது அவருக்கு இதெல்லாம் மூடத்தனம். மன்-ஷிக் என்று ஒரு விளக்குக்காரர், அவரைவிட மூத்தவர், முதல் படத்திலும் கூட வேலை செய்தவர். தலை வைக்காவிட்டால் பரவாயில்லை, ஒரு போத்தல் அரிசி மதுவாவது ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குவோம் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இவர் சிரித்திருக்கிறார். நான்காம் நாள் மன்-ஷிக் உயரமான மண்டபமொன்றின் முகட்டுக் கம்பியில் விளக்கைத் திருப்பும்போது விழுந்து இறந்துபோனார்.

"பன்றித்தலை அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது" என்றார் யொன்-ஹீ. "அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை. அது மட்டும் தெரியும்."

முப்பத்துநான்கு வீடும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. எல்லாம் உயர்ந்த முகடுள்ள வீடுகள். நான் ஒரு முட்டாள். அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் கராஜின் பெரிய கதவு கடகடவென்று மேலே எழும்பத் தொடங்கியது.

வெளியே அக்கா. கோயிலுக்குக் கட்டிய பச்சைப் பட்டுச்சேலை, மேலே குளிர்க்கோட், ஒரு கையில் கதவைத் திறக்கிற கருவி, மறு கையில் ஒரு பெட்டி நிறையப் பிரசாதம். இந்தப் பக்கம் வந்த யாரோ ஒருவரின் காரில் ஏறி, படப்பிடிப்பைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்திருக்கிறா. மேசையைப் பார்த்தா. மேசையில் பிளந்து கிடந்த தலை இரண்டு கண்ணாலும் அவவைப் பார்த்தது.

"ரதீசன், என்ன இது?"

கராஜ் வீட்டுக்குள் சேர்த்தி இல்லை என்று நினைத்தேன் என்றேன். என் நாற்பத்தொரு வயதில் நான் சொன்ன மகா கேவலமான பதில் அதுதான். யொன்-ஹீ எழுந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். வேறு வழியில்லாமல் விரதத்தைப் பற்றியும், நான் கொடுத்த வாக்கைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காவின் முன் போய் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு குழுவைப் பார்த்து, எல்லாவற்றையும் கட்டுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டெனிஸ்டன் ஒரு வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

இவ்வளவு நாளும் இந்த மனிசி போய்த் தொலைந்தால் காணும் என்று நேர்ந்தவன் நான். இப்போது அந்த வயர் சுருள்வதைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் எல்லாரும் போகினம்?" என்று அக்கா கேட்டா. திட்டு வாங்க ஆயத்தமாக இருந்தவனுக்கு அந்தக் கேள்வியே பெரிய காரியம். பூசை எதற்கு என்பதையும், மன்-ஷிக் விழுந்ததையும், இன்று தொடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா குளிர்க்கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டா.

"அந்த மனிசனுக்குப் பிள்ளையள் இருந்ததோ எண்டு கேள்."

கேட்டேன். இரண்டு பெண் பிள்ளைகள்.

அக்காவின் கணவர் பேரின்பநாதன் பதினேழு வருடத்துக்கு முன் ஒரு பண்டகசாலையில் பெட்டிகள் சரிந்து விழுந்து இறந்தவர். அத்தானைப் பற்றி அக்கா அழுது நான் பார்த்ததில்லை. கதைத்தும் பார்த்ததில்லை. இப்போது அவ என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தா.

"உன்ர அத்தானுக்கு ஒவ்வொரு நாளும் வெளிக்கிடேக்க நான்தான் திருநீறு பூசிவிடுறனான். அண்டைக்கு பஸ்ஸுக்கு நேரம் போச்சுதெண்டு ஓடிட்டார். நானும் விட்டிட்டன். பூசியிருந்தா வந்திருப்பார் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா பூசேல்லை."

இதை யொன்-ஹீக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அக்காவின் கையிலிருந்த பிரசாதப் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மேல அலுமாரியில என்ர தையல் பெட்டி கிடக்கு" என்றா அக்கா என்னிடம். "தோல் தைக்கிற ஊசி இருக்கு. எடுத்துக்கொண்டு வா."

"அக்கா, விரதமெல்லே..."

"என்ர விரதத்தைப் பற்றி நீ கதைக்காதை."

ஷபானல் தெருத் தையல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தோல் கோட்டுகள் தைத்தவ என் அக்கா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒப்பனைக்காரர்களின் கையுறையைப் போட்டுக்கொண்டு, காய்ந்த மீனில் சுற்றியிருந்த பட்டுநூலை எடுத்துத் தரச் சொன்னா. யொன்-ஹீ எடுத்துக் கொடுத்தார். நூலை மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்து மெழுகேற்றினா. இரண்டு பாதியையும் சேர்த்து அமத்திப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தேன்.

"கண்ணைத் திற. நீ பாக்காமல் வாங்கினதாலதான் இந்தக் கூத்து."

திறந்தேன். முழு நேரமும் பார்த்தேன். கண்ணுக்குக் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பன்றிக்கும் கண்மடல் மயிர் உண்டு என்று தெரிகிறது. அக்கா முதலில் தாடைக்குக் கீழே தைத்து இறுக்கினா. பிறகு நெற்றியிலிருந்து மூக்கு வரை, நூல் வெளியே தெரியாதபடி உள்ளால் ஓடுகிற தையல் போட்டா. ஒரு தரம் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, "அங்கை கோயிலில பின்னேரம் சூரன்ர தலையை வெட்டப் போகினம். இங்கை நான் தலையைத் தைச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றா. டெனிஸ்டன் சிரித்துவிட்டு, தான் சிரித்தது சரியா என்று என்னைப் பார்த்தான். கடைசியாக வாயோரம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டுத் தூக்கிவிட்டா. சிரிப்பு வந்தது. கடையில் வாங்கிய எந்தத் தலையும் அப்படிச் சிரித்திருக்காது. யொன்-ஹீ குனிந்து தையலைத் தேடினார். காணவில்லை. அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார்.

அக்கா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முழுகப் போய்விட்டா.

கோசா தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். கடைசியில் யொன்-ஹீ முழந்தாளிட்டு, நான் அடித்துக் கொடுத்திருந்த பெயர்ப்பட்டியலை வாசித்தார். இவர்கள் எல்லோரும் இன்று வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பெயர் வாசிப்பது. எலிசா, டெனிஸ்டன், மற்றவர்கள். பட்டியலில் இல்லாத ஒரு பெயரையும் கடைசியில் சேர்த்துச் சொன்னார். மன்-ஷிக்.

குசினியிலிருந்து கராஜுக்கு இறங்கும் படியில் அக்கா வந்து நின்றா. ஈரத் தலையில் துவாய், வேறு சேலை. படியை விட்டு இறங்கவில்லை. யொன்-ஹீ என்ன வாசிக்கிறா என்று என்னிடம் கேட்டா. சொன்னேன்.

"உன்ர பேர் எங்கை?"

பட்டியல் போடுகிறவன் நான், என் பெயர் அதில் வருவதில்லை, எப்போதும் அப்படித்தான் என்றேன். நான்கு வருடமாக எந்தப் பட்டியலிலும் நான் என்னைப் போட்டதில்லை என்பது அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. பன்றியைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது அக்காவின் முகத்தில் வந்தது.

"பேர் எழுதினவனுக்கு ஒண்டும் நடக்காதோ? வாசிக்கச் சொல்லு. நட்சத்திரத்தோட வாசிக்கச் சொல்லு. நட்சத்திரம் சொல்லாட்டி எந்த ரதீசன் எண்டு ஆருக்குத் தெரியும்?"

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோல அக்கா படியில் நின்று சொல்லிக் கொடுத்தா. யொன்-ஹீ ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். "ரதீசன். கேட்டை நட்சத்திரம்." சொல்லிவிட்டு, தைத்த தலையின் முன் நெற்றி சீமெந்தில் படும்வரை குனிந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் ஏதோ வயரைச் சரிபார்க்கிறவன்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

முதல் ஷாட்டுக்கு ஆயத்தமானபோது மூன்று மணி நாற்பது. குசினி யன்னலில் கடைசி வெளிச்சம். கமரா ஆயத்தம், நடிகை ஆயத்தம். யன்னல் திரை சரியாக விழவில்லை என்று டெனிஸ்டன் அதைச் சரிசெய்ய ஏணியில் ஏறினான். மூன்றே மூன்று படி உள்ள குசினி ஏணி. யொன்-ஹீ போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எலிசா கைக்கடிகாரத்தைத் தட்டி என்னைப் பார்த்தாள். முந்திய நாளாக இருந்தால் வீடு இடிகிற மாதிரிக் கத்தியிருப்பேன்.

நான் போய் ஏணியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். டெனிஸ்டனின் இரண்டு காலும் தரையில் படும்வரை யொன்-ஹீ "அக்சன்" சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.